அப்பாவைக் கூட்டிப்போன இடங்கள்

தூத்துக்குடி
28.8.1983

அன்புள்ள அக்கா ஆறுமுகத்தாய்க்கு,

தம்பி பேச்சிமுத்து எழுதுகிறேன். நானும் பிரம்மசக்தியும் பிள்ளைகளும் அப்பாவும் செந்தூரான் புண்ணியத்தில் சுகம். பம்பாய் மழையில் உனக்கும் அத்தானுக்கும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்கிறதா என்று எழுது.

ஒருவழியாக ஊரைக் காலிசெய்துவிட்டு வந்துவிட்டோம். அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்து நீ ரயிலேறும்போது பேசிக்கொண்டபடி வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. வீட்டுச் சாவி சித்தப்பாவிடம் இருக்கிறது. அப்பா என்னோடு வந்துவிட்டார். ஹார்பரில் கிரேன் வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது. பஸ் ஏறினால் கால்மணி நேரம். வீடு வரிசை வீட்டில் நடுவீடு, ஆறு வீட்டுக்கும் சேர்த்து மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் டீச்சர் நல்ல மனுஷி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதே அவர்கள்தான்.

அப்பாவுக்கு உடம்பு கல்லாக இருக்கிறது. ஞாபகம்தான் முன்னைவிட மோசம். அம்மா எங்கே என்று தினமும் கேட்கிறார். முதலில் செத்துப்போனதைச் சொன்னோம். அப்போதுதான் கேள்விப்படுவதுபோல ஒவ்வொரு தடவையும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இப்போது கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறோம்.

வந்த ஊரைச் சுற்றிப்பார்க்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருமாக எங்காவது போய்வரலாம் என்று இருக்கிறோம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவேன். போன இடமெல்லாம் உனக்கு எழுதுகிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி,
பேச்சிமுத்து


தாராவி, பம்பாய்
11.9.1983

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் ஈரத்தோடு வந்தது, அவ்வளவு மழை. நானும் உன் அத்தானும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீங்கள் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாக இருக்க வேண்டும்.

கிரேன் மேல் உட்கார்ந்துகொண்டு கப்பலுக்கே அதிகாரம் பண்ணுகிற ஆளாகிவிட்டாயாக்கும். வேப்பமரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் "யக்கா, யக்கா" என்று அலறினவன்தானே நீ. பிரம்மசக்திக்கு இதைச் சொல்லியிருக்கிறாயா?

அப்பா விஷயம். தம்பி, நான் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் முறை என்று எனக்குத் தெரியும். அத்தானின் மில்லில் வேலைநிறுத்தம் ஒன்றரை வருஷமாக முடியவில்லை. ஒரே அறையில் நாங்களும், வேறு கம்பெனியில் ஷிப்டு பார்க்கிற அத்தானின் தம்பிமார் இரண்டு பேரும். பகல் ஷிப்டுக்காரன் எழுந்தால்தான் ராத்திரி ஷிப்டுக்காரன் படுக்கலாம். இதில் அவரை எங்கே கிடத்துவேன்? அதனால்தான் உன் தலையில் வைத்தேன். உனக்கு முடியாமல் போனால் மறைக்காமல் எழுது. எப்படியாவது வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். மனதுக்குள் வைத்துப் புழுங்காதே.

ஒன்று மட்டும் செய். அவர் சட்டை எல்லாவற்றிலும் காலருக்கு உள்பக்கம் ஒரு துணியில் உன் விலாசத்தை எழுதித் தைக்கச் சொல். இங்கே எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் அப்படித்தான் இரண்டு தடவை வீடு வந்து சேர்ந்தார்.

பிள்ளைகளுக்கு முத்தம். அப்பாவிடம், ஆறுமுகத்தாய் கேட்டாள் என்று காதோரம் சத்தமாகச் சொல்.

அக்கா


தூத்துக்குடி
26.9.1983

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தானின் மில் விஷயம் சீக்கிரம் நல்லபடியாகட்டும் என்று பிரம்மசக்தி வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறாள். நீ சொன்னபடி சட்டைகளில் விலாசம் தைத்துவிட்டாள். அப்பா கழுத்தைச் சொறிந்துகொண்டே இருக்கிறார்.

முயல் தீவுக்குப் போனோம். பேர்தான் முயல், ஒன்றையும் காணோம். பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்கி என் தொப்பியை நிறைத்தார்கள். அடுத்த வாரம் மணப்பாடு. மணல்மேட்டின் உச்சியில் சிலுவைக் கோயில், கீழே மூன்று பக்கமும் கடல். பிளாரன்ஸ் டீச்சரும் வந்திருந்தார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பிரம்மசக்தி அங்கே வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள்.

போன ஞாயிறு உப்பளம் பார்க்கப் போனோம். அங்கேதான் ஒரு கூத்து. உப்பளம் நம் வயல்காடு மாதிரியே பாத்தி கட்டி, வரப்புப் போட்டுத் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். அப்பா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். "ஏலே, தண்ணி நிக்கி, நாத்து எங்கலே? எவன்லே இப்படித் தரிசாப் போட்டவன்?" என்று கத்திக்கொண்டே கையாலேயே ஒரு வரப்பை வெட்டிவிட்டார். விளைந்து நின்ற பாத்திக்குள் புதுத்தண்ணீர் பாய்ந்துவிட்டது. அளத்துக்காரர் வாயில் வந்ததெல்லாம் சொன்னார். அத்தனை பேர் முன்னால் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அப்பாவுக்குக் காலெல்லாம் உப்பு கீறி ரத்தம். அவருக்கு அன்று ஒரே சந்தோஷம், பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

சிரிப்பாய் என்றுதான் எழுதினேன். பதில் போடு.

தம்பி,
பேச்சிமுத்து


தூத்துக்குடி
9.10.1983

மதிப்புள்ள மதினிக்கு,

பிரம்மசக்தி கும்பிட்டு எழுதுவது. உங்களையும் அண்ணனையும் கடவுள் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. பதிலை பிளாரன்ஸ் டீச்சர் வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள்.

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். என்னால் முடியவில்லை மதினி.

விடியும் முன்னே மாமா எழுந்து மாடிக்குப் போய்த் தொட்டியைத் திறந்துவிட்டுவிடுகிறார். நம்ம முறைத் தண்ணி, அடுத்தவன் அடைச்சிட்டா பயிர் காஞ்சிரும் என்கிறார். ஆறு வீட்டுத் தண்ணீரும் தெருவில் ஓடுகிறது. இந்த ஊரில் தண்ணீர் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாததா? வாரத்தில் மூன்று நாள் இப்படி. மாடிப்படிக்கு நாங்கள் பூட்டுப் போட்டால் அதை உடைக்கிறார். மற்ற வீட்டுக்காரர்கள் என் குடத்தை எட்டி உதைத்தார்கள். கார்த்திகைக்குள் கிழவரை அனுப்பு, இல்லாவிட்டால் நீயும் போ என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். வேறு வீடு தேடினோம். மாமாவைப் பார்த்ததும் யாரும் தரவில்லை.

இன்னும் ஒன்று, எழுத வெட்கமாக இருக்கிறது. சிலநேரம் என்னை அத்தை என்று நினைத்து, அத்தை பேரைச் சொல்லிக் கையைப் பிடிக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. ஆனாலும் நான் அடுக்களையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சமைக்கிறேன்.

உங்கள் தம்பி வெளியே சிரிக்கிறார். ராத்திரி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். போகிற இடத்திலெல்லாம் மாமா ஓரமாக உட்கார்ந்தால் அவர் தள்ளிப்போய் நின்று பார்க்கிறார். எதற்குப் பார்க்கிறார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு மாசம் மட்டும் மாமாவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
பிரம்மசக்தி


பம்பாய்
30.10.1983

அன்புள்ள பிரம்மசக்திக்கு,

நீயும் பிள்ளைகளும் தீபாவளியை நல்லபடியாகக் கொண்டாட வேண்டும். உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. உடனே எழுதாததற்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியாததுதான்.

நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்குப் புரிகிறது. உன் இடத்தில் நானாக இருந்தால் என்றைக்கோ கத்திக் கூப்பாடு போட்டிருப்பேன். ஆனால் இங்கே இப்போது முடியாதம்மா. அத்தானின் சின்னத் தம்பிக்கு மஞ்சள்காமாலை, அறையில் படுத்துக் கிடக்கிறான். பொங்கல் கழியட்டும். தை பிறந்ததும் நானே வந்து அப்பாவைக் கூட்டிவருகிறேன். வீட்டுக்காரரிடம் அதுவரைக்கும் தவணை கேள்.

தம்பி தள்ளிநின்று பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அவனுக்கு மனசு கனத்தால் அப்படித்தான், சின்ன வயசிலும் தனியாகப் போய் நிற்பான். வேறு ஒன்றும் இராது.

கொஞ்சம் பொறுத்துக்கொள் தாயே.

அன்புடன்,
மதினி


தூத்துக்குடி
6.11.1983

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தீபாவளிக்கு அப்பாவுக்குப் புதுச் சட்டை எடுத்தேன்.

வியாழக்கிழமை சூரசம்ஹாரம். எல்லோருமாகத் திருச்செந்தூர் போகிறோம். அப்பாவுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போய், இவர் பிறந்ததும் ஆச்சி கொண்டுபோய்ச் செந்தூரான் சன்னிதியில் கிடத்தி, இது உன் பிள்ளை என்று தத்துக் கொடுத்துவிட்டு, ஒரு மரக்கால் தவிடு வைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாளாமே. அதனால்தானே செந்தூர்பாண்டி என்று பேர். பார்க்கப்போனால் அவர் முருகனுக்குச் சொந்தம். வளர்க்கத்தான் நமக்குக் கொடுத்தது. நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன்.

கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும் என்கிறார்கள்.

பேச்சிமுத்து


தூத்துக்குடி
24.11.1983

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்கு எழுது. வேலை அதிகம், அதனால் தாமதம்.

சூரசம்ஹாரம் பார்த்தோம். நீ ஒருதடவையாவது பார்க்க வேண்டும் அக்கா. கோயிலிலிருந்து கடல்வரை தலைதான். மணல் தெரியவில்லை. சாயங்காலம் சுவாமி கடற்கரைக்கு எழுந்தருளினார். சூரன் முதலில் யானைத்தலையோடு வந்தான், பிறகு சிங்கத்தலை, பிறகு சொந்தத் தலை. ஒவ்வொன்றாகச் சரிந்து விழும்போது அத்தனை சனமும் ஒரே குரலாக அரோகரா போட்டது. கடைசியில் மாமரமாகி, சேவலாகிச் சுவாமியிடமே போய்ச் சேர்ந்துவிட்டான். சின்னவளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினேன். விரதமிருந்தவர்கள் எல்லோரும் அப்படியே கடலில் இறங்கி முழுக்குப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு ராட்டினம், பனங்கிழங்கு. நல்லவேளை, அன்று மழை இல்லை.

அப்பா கூட்டத்தில் பிரிந்துவிட்டார்.

எல்லா இடமும் தேடினோம். மைக்கில் சொல்லச் சொன்னோம். கிடைக்கவில்லை. நீ மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். கொடுத்த பிள்ளையை உடையவன் எடுத்துக்கொண்டான் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். எத்தனை பேருக்கு அந்தச் சன்னிதி கிடைக்கும்? பிரம்மசக்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது பரவாயில்லை.

நீ கிளம்பி வர வேண்டாம். வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பேச்சிமுத்து


பம்பாய்
1.12.1983

பேச்சிமுத்து,

நலம் விசாரிக்க இப்போது எனக்குத் தோன்றவில்லை.

அப்பா காணாமல் போன செய்திக்கு முன்னால் ஒரு பக்கம் சூரன் கதை எழுதியிருக்கிறாய். அதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? தொலைந்துபோய்ப் பதினைந்து நாள் கழித்துத்தான் எனக்குச் சொல்லத் தோன்றிற்றா? ஒரு தந்தி அடிக்க உன் ஹார்பரில் ஆள் இல்லையா?

எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாய்? எந்த இடத்தில் கையை விட்டார்? அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார், அதில் விலாசம் இருந்ததா? இந்த மூன்றுக்கும் பதில் எழுது.

உடையவன் எடுத்துக்கொண்டான் என்கிறாய். தவிடு வைத்து வாங்கி வந்த பிள்ளையை ஆச்சி கருக்கிருட்டில் வயலுக்குப் போனபோதும் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு போய் வளர்த்தாள். மாசிக்கும் வைகாசிக்கும் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். ஒருநாளும் அங்கே விட்டுவிட்டு வரவில்லை.

பிரம்மசக்தி எனக்கு எழுதினாள். நான் பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். உடனே கிளம்பியிருக்க வேண்டும். அந்தப் பாவம் என் தலையில் இருக்கிறது. உன் தலையில் என்ன இருக்கிறது என்று நீ சொல்.

ஆறுமுகத்தாய்


திருச்செந்தூர்
13.12.1983

பேச்சிமுத்துவுக்கு,

நீ பதில் போடவில்லை. அதனால் நான் கிளம்பி வந்துவிட்டேன். அப்பா உயிரோடு இருக்கிறார்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து இறங்கி, கோயில் வாசலில் சுக்குக்காப்பி விற்கிறவரிடம் அடையாளம் சொன்னேன். தாணுலிங்கம் என்று பேர், உன் வயசுதான் இருக்கும். "நம்ம வயக்காட்டுத் தாத்தாவா? வாங்க" என்று நேராகக் கூட்டிக்கொண்டு போனார். கடற்கரையோரத்து மண்டபத்தில் ஒரு தூணடி. முகமெல்லாம் தாடி மண்டிவிட்டது. காலில் புண், அதில் ஈ. மழையில் நனைந்து காய்ந்து நனைந்து உன் தீபாவளிச் சட்டை மண் நிறமாகிவிட்டது.

"யப்பா" என்றேன். "ஏளா, நீ யாரு பெத்த பிள்ளை?" என்று கேட்டார். போவோம் வாங்க என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

"எம்மவன் இங்கனயே இருங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். இப்ப வந்திருவான். நான் எந்திரிச்சுப் போயிட்டா பிள்ளை எங்கன போய்த் தேடுவான்? கூட்டத்தைப் பாத்தீல்லா?"

கூட்டமே இல்லை பேச்சிமுத்து. ஆட்கள் போய் ஒரு மாசமாகிவிட்டது. நாயும் நானும்தான் இருந்தோம்.

வெளிக்குப் போனாலும் அரக்கப்பரக்க ஓடிவந்து அந்தத் தூணடியில்தான் உட்காருவாராம். மழை சாய்த்து அடித்தபோது உள்ளே கூட்டிப்போகப் பார்த்தார்களாம், கடித்துவிட்டாராம். காலையில் தாணுலிங்கம்தான் இட்லி வாங்கிக் கொடுக்கிறார். நானும் இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், அழுது பார்த்துவிட்டேன். நகர மாட்டேன் என்கிறார்.

காலரைத் திருப்பிப் பார்த்தேன். விலாசத் துணி இல்லை. தைத்துப் பிரித்த ஊசி ஓட்டை மட்டும் நான்கு பக்கமும் வரிசையாக இருக்கிறது. புதுச் சட்டையிலும் பிரம்மசக்தி தைத்துத்தான் கொடுத்திருக்கிறாள். பிரித்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். ஒரு பஸ் தூரம்தான். நீ வா. வந்து அவர் முன்னால் நின்று, யப்பா, நான் வந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். எழுந்துவிடுவார். அதற்குப்பிறகு நான் பம்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டேன். புண் புரையோடிக்கொண்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தாணுலிங்கத்தின் தங்கச்சி புருஷன் பஸ்ஸில் கண்டக்டர். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலோடு வராதே, நீயே வா.

அக்கா


தூத்துக்குடி
15.12.1983

அக்கா,

கண்டக்டரை நிறுத்திவைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு வேட்டியும் போர்வையும் பிரம்மசக்தி கொடுத்துவிட்டிருக்கிறாள். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் போன பஸ்ஸிலேயே அப்பா ஏறிவிட்டார் என்றுதான் அன்று அவளிடம் சொன்னேன்.

நீ என்னைப் பிசாசு என்று நினைப்பாய். நான் மறுநாளே திரும்பப் போனேன் அக்கா. சத்தியமாகப் போனேன். தூரத்தில் கயிற்றுக்கடை மறைவில் நின்று பார்த்தேன். யாரோ ஒருத்தர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார். சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, வருகிற ஒவ்வொரு ஆளின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றிருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. பிள்ளைகள் குளித்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி பிரம்மசக்தியோடு பேசினாள். இதையெல்லாம் நினைத்தேன், பஸ் ஏறிவிட்டேன். அதற்குப்பிறகு நாலு தடவை போயிருக்கிறேன். மழை நாளிலும் போனேன்.

இப்போது வந்து நின்றால் என்னைத் திட்ட மாட்டார். அதுதான் என்னால் முடியாது.

எனக்கு லீவு இல்லை. நீ எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விடு.

பேச்சிமுத்து


பம்பாய்
4.1.1984

பேச்சிமுத்து அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மனைவியும் மக்களும் சுகமாக இருக்கவும். இங்கே அப்பா இருக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்தபிறகும் இரண்டு நாள் பார்த்தேன். தூத்துக்குடி பஸ் வருகிற நேரத்துக்கெல்லாம் ஸ்டாண்டில் போய் நின்றேன். ஒவ்வொரு தடவையும் வந்துவிடுவீர்கள் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. அப்போதும் தூணைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

தாணுலிங்கம் காப்பித் தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அவர் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "யப்பா, நான் வந்துட்டேன். வாங்க, போவோம்" என்றார்.

அப்பா முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டியாலே?" என்று கேட்டார். தாணுலிங்கம் தலையை ஆட்டினார். அப்பா எழுந்துவிட்டார். ஒரு மாசம் யார் சொல்லியும் எழுந்திருக்காத மனுஷர், கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தார்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தோம். கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். தாணுலிங்கம் வியாபாரத்தைப் போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். ரயிலேறும்போது அப்பா அவர் கையை விடவில்லை. தண்ணி பிடிச்சிட்டு வாரேன் யப்பா என்று சொல்லி இறங்கினார். வண்டி நகர்ந்ததும் பிளாட்பாரத்தில் நின்று அழுதார். நான் அவருக்கு என்ன உறவு, சொல்லுங்கள்.

வண்டியில் விழுப்புரம் வரும்போது அப்பா மறந்துவிட்டார். தண்ணீர் பிடிக்கப் போனவரை மட்டும்தான் மறந்தார். மற்றது ஞாபகம் இருக்கிறது. இந்த அறையில் உட்கார்ந்துகொண்டு வருகிற போகிற தமிழாட்களிடமெல்லாம் சொல்கிறார்: "லச்சம் பேரு கூட்டம். அதுல எம்மவன் என்னைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டான். எல்லா மவனும் வருவானா? எம்மவன் வந்தான்லா."

கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடுத்து வைத்தவர் என்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

நீங்கள் இங்கே வர வேண்டாம். உங்களை முன்னால் நிறுத்தினால், யாருளா இது என்று என்னிடம் கேட்பார். யாரோ தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

ஆறுமுகத்தாய்